நகரத்துக்கு எல்லை கட்டிய சுருக்கெழுத்தாளர்

லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் பிசகாமல் குறித்துக்கொள்வதுதான் எபனேசர் ஹோவர்டின் வேலை. நகர நெரிசல், ஒற்றை அறைக் குடித்தனங்கள், கிராமத்தை விட்டுப் பிழைப்புத் தேடி வரும் ஏழைகள் என்று அங்கே ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. பேசியவர்களில் பலரின் பெயர் மறந்துபோனது. ஓரமாக உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தவரின் பெயரோ உலகமெங்கும் நகரத் திட்ட மாணவர்கள் படிக்கும் முதல் பெயர்களில் ஒன்றாகிவிட்டது.

அவர் கட்டடக் கலைஞர் அல்லர். பொறியாளரும் அல்லர். பதினைந்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. தோட்டத்துக் கிராணி போல எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும்தான் அவர் கற்ற தொழில். அந்தக் கணக்கறிவைக் கொண்டே ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடினார். ஒரு நகரம் எதுவரை வளரலாம்? அதற்கு மேல் வளர வேண்டி வந்தால் எங்கே வளர வேண்டும்? நகரம் வளரும்போது ஏறுகிற நில விலை யாருக்குச் சேர வேண்டும்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு அவர் சொன்ன விடையை உலகம் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது கேள்விக்கான விடையைத்தான் பல நாடுகள் வசதியாக மறந்துவிட்டன.

பலகாரக் கடைக்காரரின் மகன்

ஹோவர்ட் 1850 ஜனவரி 29-ஆம் தேதி லண்டன் நகரின் நடுவே ஃபோர் தெருவில் பிறந்தார். தந்தைக்கு ரொட்டி, இனிப்புப் பலகாரம் விற்கும் கடைகள் இருந்தன. வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது, பசியறியாத குடும்பம். ஐந்து வயது நிறையும் முன்பே ஹோவர்டை வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். நெரிசலான லண்டனில் பிறந்த பையன் வயல்வெளி சூழ்ந்த சிற்றூர்களில் வளர்ந்தான்.

பதினைந்து வயதில் லண்டனுக்குத் திரும்பி, பங்குத் தரகர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கடிதங்களைப் படியெடுப்பதுதான் அன்றாட வேலை. அந்த வேலையிலிருந்து மேலே வர, பிட்மன் சுருக்கெழுத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டார். அன்று அது நல்ல தொழில். நீதிமன்றம், சட்டமன்றம், பத்திரிகை எல்லாவற்றிலும் அதற்குத் தேவை இருந்தது.

ஆனாலும் இருபது வயது இளைஞருக்கு மேசையும் பேனாவும் போதவில்லை. 1871-இல் இரண்டு நண்பர்களோடு கப்பலேறி அமெரிக்கா போனார். நெப்ராஸ்கா மாநிலத்தில் 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. குடியேறிப் பயிரிடுகிறவர்களுக்கு அரசு நிலம் வழங்கிய காலம் அது. சோளமும் உருளைக்கிழங்கும் நட்டார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள், கடுமையான குளிர்காலம். ஓராண்டுக்குள் அந்த முயற்சி தோற்றது.

அடுத்து அவர் போனது சிகாகோ. 1871 அக்டோபரில் பெரும் தீ விபத்தில் அந்த நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாகியிருந்தது. ஹோவர்ட் அங்கே நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த நான்கு ஆண்டுகளும் ஒரு பெரிய நகரம் புதிதாக எழும்பும் ஆண்டுகளாக இருந்தன. நகரம் தானாக வளர்வதில்லை, யாரோ எடுக்கும் முடிவுகளால் வளர்கிறது என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார்.

1876-இல் இங்கிலாந்து திரும்பினார். நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் கர்னி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 1879-இல் எலிசபெத் பில்ஸ் என்பவரை மணந்தார். மூன்று மகள், ஒரு மகன். வருமானம் எப்போதும் இழுபறிதான். கையில் மிஞ்சிய காசையும் நேரத்தையும் தட்டச்சு இயந்திரத்தைச் செம்மைப்படுத்தும் கருவிகளில் செலவழித்தார். அந்தக் கண்டுபிடிப்புகள் அவருக்குப் பணம் சம்பாதித்துத் தரவில்லை.

வீங்கிய நகரம், வெறுமையான கிராமம்

1851-இல் லண்டனில் சுமார் 24 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 1901-இல் அதே பரப்பில் 45 லட்சம் பேர். அந்தப் பரப்புக்கு வெளியே வீடுகள் இன்னும் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. ரயில் பாதை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் நகரம் பின்தொடர்ந்தது. நேற்றுப் பசு மேய்ந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள் நின்றன.

நகரம் வீங்கியபோது கிராமம் வற்றியது. 1870-களுக்குப் பிறகு அமெரிக்கச் சமவெளியிலிருந்து கப்பல் கப்பலாக மலிவுத் தானியம் வந்திறங்கியது. இங்கிலாந்து விவசாயிக்கு விலை கட்டவில்லை. வேலையிழந்தவர்கள் லண்டனுக்கு நடந்தார்கள். எந்தச் சமவெளியில் ஹோவர்ட் விவசாயியாகத் தோற்றாரோ, அதன் விளைச்சலே அவருடைய நாட்டின் கிராமங்களைக் காலி செய்துகொண்டிருந்தது.

இதன் இன்னொரு பக்கத்தையும் அவர் கவனித்தார். கிராமத்தில் நிலத்தின் விலை விழுந்துகொண்டே வந்தது. நகரத்தில் அது ஏறிக்கொண்டே போனது. நகரத்து மனைக்குச் சொந்தக்காரர் ஒரு செங்கல்லும் வைக்காமல் பணக்காரரானார். ஆயிரக்கணக்கான பேர் வந்து குடியேறியதால்தான் அந்த மனைக்கு மதிப்பு வந்தது. அப்படி வந்தவர்களோ ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் திண்டாடினார்கள்.

நில விலை ஏற்றம் சமூகத்துக்கே உரியது என்று வாதிட்ட அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜின் எழுத்துகளை ஹோவர்ட் படித்திருந்தார். கூட்டுறவு முறையில் இயங்கும் எதிர்கால நகரத்தைக் கற்பனை செய்த எட்வர்ட் பெல்லமியின் நாவலையும் படித்து, அது இங்கிலாந்தில் வெளிவர உதவினார். இவற்றையெல்லாம் சேர்த்து, பத்து ஆண்டு யோசித்து, 1898-இல் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். அதை அச்சிட அவரிடம் பணமில்லை. நண்பர் ஒருவர் கொடுத்த 50 பவுண்டில்தான் அது வெளிவந்தது. நாளை என்பது அதன் தலைப்பு. 1902-இல் சில மாற்றங்களோடு நாளைய பூங்கா நகரங்கள் என்ற பெயரில் மறுபடியும் வந்தது. அந்தப் பெயரில்தான் உலகம் அதை அறியும்.

6,000 ஏக்கர் கணக்கு

நூலின் நடுவே ஒரு வட்டம் இருக்கிறது. பலரும் அந்தப் படத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பின்னே உள்ள கணக்கு இதுதான்.

கிராமப்புறத்தில் 6,000 ஏக்கர் நிலத்தை வாங்க வேண்டும். விவசாய நிலம் என்பதால் ஏக்கர் 40 பவுண்டு. மொத்தம் 2,40,000 பவுண்டு. நடுவில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரம். சுற்றிலும் 5,000 ஏக்கர் எப்போதும் விவசாய நிலமாகவே இருக்கும். நகரத்தில் 30,000 பேர், சுற்றியுள்ள பண்ணைகளில் 2,000 பேர், ஆக 32,000 பேர். அதற்கு மேல் ஒரு வீடும் கூடாது.

நகரத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு முக்கால் மைல்கூட இல்லை. எந்த வீட்டிலிருந்தும் கால் மணி நேரம் நடந்தால் வயல் வந்துவிடும். நடுவில் பெரிய பூங்கா. அதைச் சுற்றி வீடுகள். வீடுகளுக்கு நடுவே 420 அடி அகலத்தில் மரங்கள் சூழ்ந்த வட்டச் சாலை. பள்ளிகளும் வழிபாட்டு இடங்களும் அதில். தொழிற்சாலைகள் வெளி விளிம்பில், ரயில் பாதையை ஒட்டி. நகரத்தின் கழிவு பண்ணைகளுக்கு உரமாகும். பண்ணையின் பாலும் காய்கறியும் நகரத்துக்கு வரும். நடுவில் தரகர் குறைவு, ரயில் கட்டணம் இல்லை.

இனிதான் முக்கியமான பகுதி. நிலம் எந்தத் தனி ஆளுக்கும் விற்கப்படாது. நான்கு அறங்காவலர்கள் பெயரில் நகர மக்கள் அனைவருக்குமாக அது இருக்கும். வீடு கட்டுகிறவர், கடை வைப்பவர், தொழிற்சாலை நடத்துகிறவர், பண்ணை நடத்துகிறவர் எல்லாரும் நிலத்துக்கு வாடகை கட்டுவார்கள். ஆண்டுக்குச் சுமார் 64,000 பவுண்டு வரும் என்று ஹோவர்ட் கணக்கிட்டார். அதில் கடனுக்கு வட்டி 9,600 பவுண்டு. அசலை முப்பது ஆண்டில் அடைக்க 4,400 பவுண்டு. மீதம் சுமார் 50,000 பவுண்டு சாலை, பள்ளி, நூலகம், பூங்கா ஆகியவற்றுக்கு.

கடன் முழுதும் அடைந்த பிறகு அந்தப் பணத்தை முதியவர்களின் ஓய்வூதியத்துக்குத் தரலாம் என்றும் அவர் எழுதினார். பிரிட்டனில் அரசே முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1908-இல்தான்.

ஆக, ஹோவர்டின் எல்லைக்கோடு ஒரு தடைச் சட்டம் அன்று. கோட்டுக்கு வெளியே இருக்கும் 5,000 ஏக்கரும் நகர மக்களுக்கே சொந்தம் என்பதால், அதை விற்றுப் பணம் பார்க்க யாருக்கும் வழியில்லை. எல்லையைக் காக்கக் காவலாளி தேவைப்படாத ஏற்பாடு அது.

எல்லை நிரம்பிவிட்டால்?

மக்கள் பெருகத்தானே செய்வார்கள் என்ற கேள்வியையும் அவர் விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தை எடுத்துக்காட்டினார். 1837-இல் வரையப்பட்ட அந்த நகரத்தைச் சுற்றிப் பூங்கா நிலம் விடப்பட்டிருந்தது. நகரம் நிறைந்தபோது அந்தப் பூங்கா நிலத்தை விழுங்காமல், அதைத் தாண்டி வட அடிலெய்ட் வளர்ந்தது என்று அவர் எழுதினார்.

அதுபோலவே 32,000 பேர் நிறைந்ததும், விவசாய வளையத்தைத் தாண்டி அடுத்த நகரத்தைத் தொடங்க வேண்டும். அதுவும் நிறைந்தால் இன்னொன்று. நடுவில் 58,000 பேர் வாழும் ஒரு நகரம், சுற்றிலும் 32,000 பேர் வாழும் ஆறு நகரங்கள், எல்லாவற்றையும் இணைக்கும் ரயில். மொத்தம் 2,50,000 பேர். பெரிய நகரத்தின் வசதியும் கிடைக்கும். ஒவ்வொருவர் வாசலுக்கு அருகிலும் வயலும் இருக்கும்.

நூல் வந்தபோது பலர் சிரித்தார்கள். இருக்கிற நகரங்களைச் சீர்படுத்துவதை விட்டு இல்லாத நகரத்தைக் கட்டப் பார்க்கிறார் என்று அன்றைய சீர்திருத்தவாதிகளே கேலி செய்தார்கள். ஹோவர்ட் வாதத்தில் இறங்கவில்லை. வேலை முடிந்த மாலைகளில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆள் சிறியவர், உடை சாதாரணம், ஆனால் குரல் கணீரென்று ஒலிக்கும். 1899-இல் ஒரு சிலரோடு பூங்கா நகரச் சங்கம் தொடங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் அதில் சேர்ந்தார்கள்.

லெட்ச்வொர்த்: கனவும் கடனும்

1903-இல் லண்டனுக்கு வடக்கே சுமார் 35 மைல் தொலைவில் லெட்ச்வொர்த் என்ற இடத்தில் 3,818 ஏக்கர் நிலத்தைச் சங்கத்தார் வாங்கினார்கள். விலை 1,55,587 பவுண்டு. அந்த நிலம் பதினைந்து உரிமையாளர்களிடம் பிரிந்து கிடந்தது. விஷயம் வெளியே கசிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் பேரம் ரகசியமாகவே நடந்தது. நில விலை ஏற்றத்தைப் பற்றி நூல் எழுதியவருக்கு அதன் ஆபத்து தெரியாதா என்ன?

1903 அக்டோபர் 9-ஆம் தேதி, கொட்டும் மழையில், சேற்றில் போட்ட கூடாரத்தில் தொடக்க விழா நடந்தது. ரேமண்ட் அன்வின், பேரி பார்க்கர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் நகரத்தை வரைந்தார்கள். நூலில் இருந்த வட்டத்தை அவர்கள் அப்படியே மண்ணில் இறக்கவில்லை. மேடு பள்ளம், பழைய மரம், ரயில் பாதை எல்லாவற்றையும் பார்த்து வரைந்தார்கள். அது ஹோவர்டுக்கும் சம்மதமே. படம் மாதிரிக்குத்தான், உண்மைத் திட்டம் நிலத்தைப் பார்த்த பிறகே என்று நூலிலேயே அவர் குறித்திருந்தார்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நிலம் வாங்கப் பணம் போட்டவர்கள் வியாபாரிகள். ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் லாபப் பங்கு கிடையாது என்பது விதி, மிச்சமெல்லாம் நகரத்துக்கு. அந்த 5 விழுக்காடும் வரவில்லை. முதல் முறை லாபப் பங்கு கொடுத்தது 1913-இல், அதுவும் 1 விழுக்காடு. நிலத்தின் மதிப்பு ஏற ஏற வாடகையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஏற வேண்டும் என்பது ஹோவர்டின் கணக்கு. குடியேற வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெரும்பாலும் 99 ஆண்டுக்கு மாறாத வாடகையில் மனைகள் போயின. நகரத்துக்கு வர வேண்டிய ஏற்றம் பல பத்தாண்டுகள் பிந்தியது.

இருந்தும் நகரம் உயிர்பிடித்தது. 1905-இல் மலிவு விலை வீடுகளின் கண்காட்சி நடந்தது. 60,000 பேர் வந்து பார்த்தார்கள். அச்சகங்கள், தொழிற்சாலைகள் வந்தன. 1914-இல் சுமார் 9,000 பேர் குடியிருந்தார்கள். நகர மையத்தில் மதுக்கடை வேண்டாம் என்று குடியிருப்பாளர்களே வாக்களித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் காத்தார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று விளக்க வேண்டியதில்லை.

ஹோவர்டின் சொந்த வாழ்க்கையில் இதே ஆண்டுகள் கசப்பானவை. கணவரின் கனவுக்காக இருபத்தைந்து ஆண்டு குடும்பத்தைச் சிக்கனமாக நடத்திய எலிசபெத், லெட்ச்வொர்த்தில் குடியேறும் முன்பே 1904-இல் இறந்துபோனார். நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹோவர்டுக்கு இடம் இருந்தது; முடிவெடுப்பவர்கள் வேறு ஆட்கள். அவர் சுருக்கெழுத்து வேலையைத் தொடர்ந்தார்.

69 வயதில் இன்னொரு நகரம்

முதல் உலகப் போர் முடிந்ததும், அரசே புதிய நகரங்களைக் கட்ட வேண்டும் என்று ஹோவர்டின் இளைய நண்பர்கள் பிரசாரம் செய்தார்கள். அரசை நம்பிக் காத்திருந்தால் ஆயுள் போதாது என்பது ஹோவர்டின் எண்ணம்.

1919 மே மாதம் லண்டனிலிருந்து சுமார் 20 மைல் தொலைவில், வெல்வின் பகுதியில் ஒரு பிரபுவின் நிலம் ஏலத்துக்கு வந்தது. ஹோவர்டுக்கு அப்போது 69 வயது. நண்பர்களிடம் கேட்டு முன்பணம் திரட்டினார், அது போதவில்லை. ஆனாலும் ஏலத்தில் உட்கார்ந்து 1,458 ஏக்கரைச் சுமார் 51,000 பவுண்டுக்கு எடுத்துவிட்டார். குறைந்த முன்பணத்தை அவருக்காக ஏலம் கேட்ட முகவரே அந்த இடத்தில் கடனாகக் கொடுத்தார். சங்கத்து நண்பர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் நிலம் கைக்கு வந்துவிட்டதால் நகரத்தைக் கட்டியே ஆக வேண்டியதாயிற்று. வெல்வின் பூங்கா நகரம் அப்படிப் பிறந்தது. 1921-இல் ஹோவர்டும் அங்கே குடிபோனார்.

மலாயாவுக்கு வந்த சீடர்

அதே 1921-இல் ஹோவர்டின் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் கோலாலம்பூர் வந்து இறங்கினார். பெயர் சார்ல்ஸ் ரீட். நியூசிலாந்துக்காரர். லண்டனில் பூங்கா நகரச் சங்கத்தில் பணியாற்றி, அதன் சார்பில் ஆஸ்திரேலியாவில் சொற்பொழிவாற்றி, ஹோவர்ட் எடுத்துக்காட்டிய அதே அடிலெய்டில் அரசு நகரத் திட்ட அதிகாரியாக இருந்தவர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் கூட்டமைப்புக்கு அரசு நகரத் திட்ட அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார்.

ஈயமும் ரப்பரும் பணம் கொழித்த காலம். கோலாலம்பூர் திட்டமின்றிப் பரவிக்கொண்டிருந்தது. ரீடின் முயற்சியால் 1923-இல் நகரத் திட்டச் சட்டம் ஒன்று வந்தது. நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அரசுத் துறைகளுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் வலு குறைக்கப்பட்டது. 1929-இல் ரீட் மலாயாவை விட்டுப் போனார். லெட்ச்வொர்த்தில் ஹோவர்ட் எதிர்கொண்ட அதே சிக்கல், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இங்கேயும் வந்தது.

ஹோவர்டுக்கு 1927-இல் சர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1928 மே 1-ஆம் தேதி, வெல்வினில் அவர் காலமானார். இரண்டு நகரங்களை உருவாக்கியவர் சொத்து என்று பெரிதாக எதையும் விட்டுச் செல்லவில்லை. உடல் லெட்ச்வொர்த்தில் அடக்கம் செய்யப்பட்டது.

வட்டம் பரவியது, கணக்கு நின்றது

அவர் இறந்த பிறகும் அவருடைய வட்டம் உலகம் சுற்றியது. 1935-இல் லண்டன் மாநகராட்சி, நகரைச் சுற்றிய பசுமை வளையத்துக்காக நிலம் வாங்க 20 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. 1944-இல் பேட்ரிக் ஆபர்குரோம்பி வரைந்த பெருந்திட்டம் லண்டனைச் சுற்றி அகலமான பசுமை வளையத்தையும், அதற்கு அப்பால் புதிய நகரங்களையும் காட்டியது. 1946-இல் புதிய நகரங்கள் சட்டம் வந்தது. 1947-இல் வந்த சட்டம், அனுமதி இல்லாமல் யாரும் நிலத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்றது. அனுமதி கிடைத்ததால் ஏறும் நில விலை முழுவதையும் அரசுக்குக் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்றும் அது விதித்தது.

ஹோவர்டின் இரண்டு பாதிகளும் ஒரே சட்டத்தில் சேர்ந்த தருணம் அது. நீடிக்கவில்லை. ஆட்சி மாறியது, 1953-இல் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். எல்லைக்கோடு மட்டும் நின்றது. 1955-இல் மற்ற நகரங்களும் பசுமை வளையம் அமைக்க அரசு வழிகாட்டியது.

விளைவு, கோட்டுக்கு உள்ளே மனை வைத்திருந்தவருக்கு யோகம். வெளியே இருந்தவருக்கு வயல். கட்ட நிலம் குறைந்ததால் வீட்டு விலை ஏறியது. வீடு வாங்க முடியாதவர்கள் பசுமை வளையத்தைத் தாண்டிக் குடியேறி, தினமும் ரயிலில் லண்டனுக்கு வேலைக்குப் போகிறார்கள். வயல் தப்பியது உண்மை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நிலமில்லாதவர்கள்.

இந்த வட்டாரத்துக்கும் அந்த வட்டம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் கோலாலம்பூர் நெரிசலைக் குறைக்க 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா உருவானது. சிங்கப்பூரின் 1958 பெருந்திட்டம் நகரைச் சுற்றிப் பசுமை வளையத்தையும், உட்லண்ட்ஸ், இயோ சூ காங், பூலிம் ஆகிய இடங்களில் புதிய நகரங்களையும் வரைந்தது. மக்கள்தொகை அந்தத் திட்டத்தை முந்திக்கொண்டது. பிறகு 1966-இல் வந்த நில எடுப்புச் சட்டம் நிலத்தைப் பெருமளவில் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. அடுக்குமாடி நகரங்கள் அந்த நிலத்தில் எழுந்தன.

தீபகற்பத்தில் நகரம் தோட்டங்களை நோக்கி நடந்தது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. அவற்றுக்குத் தாமான் என்று பெயர். மலாய் மொழியில் அதற்குப் பூங்கா என்று பொருள். ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறியது. பால் மரம் வெட்டிய குடும்பங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டுப் போனபோது, அந்த விலை ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கு பெரும்பாலும் இருந்ததில்லை. உழைப்பும் குடியிருப்பும் நிலத்துக்கு மதிப்பைக் கூட்டுகின்றன, அந்த மதிப்பு அங்கே வாழ்பவரைச் சேர வேண்டும் என்று 1898-இல் எழுதியவர் யாருடைய கதையை எழுதினார் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

கணினி வரையும் கோடு

இன்று நகர எல்லையைக் கணினி வரைகிறது. செயற்கைக்கோள் படத்தைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவு எவ்வளவு, சாலை எவ்வளவு அருகில், பக்கத்துக் கட்டத்தில் வீடு வந்துவிட்டதா, காடா, நீர்நிலையா என்று விவரம் கொடுக்கிறார்கள். கடந்த காலத்தில் நகரம் எப்படிப் பரவியது என்பதை வைத்து, இருபது முப்பது ஆண்டு கழித்து எந்தக் கட்டம் கட்டடமாக மாறும் என்று கணினி சொல்கிறது. எல்லைக்கோட்டை இங்கே போட்டால் என்ன, அங்கே போட்டால் என்ன என்று திரையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஒரேகன் மாநிலம் 1973-இல் சட்டம் இயற்றி, எல்லா நகரங்களும் வளர்ச்சி எல்லை வகுக்க வேண்டும் என்றது. போர்ட்லண்ட் வட்டாரத்தின் எல்லை 1979-இல் நிலைபெற்றது. இருபது ஆண்டுக்குத் தேவையான நிலம் உள்ளே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அவ்வப்போது அதைத் தள்ளி வரைகிறார்கள்.

ஹோவர்டின் கையில் இருந்தவை பென்சிலும் வரவு செலவுப் பட்டியலும்தான். ஆனால் கணினி மாதிரிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு பத்தி அவருடைய பட்டியலில் இருந்தது. கோடு போட்டதும் யாருடைய நிலத்தின் விலை ஏறுகிறது, அந்தப் பணம் எங்கே போகிறது என்ற பத்தி அது. அதை எழுதாமல் விட்டால், கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைத் தள்ளி வைக்கக் காத்திருக்கும் கைகள் கோட்டுக்கு வெளியே எப்போதும் இருக்கும்.

லெட்ச்வொர்த்துக்கே அந்தச் சோதனை வந்தது. லாபப் பங்கின் உச்சவரம்பு தளர்த்தப்பட்டதும், 1960-இல் வெளியார் நிறுவனம் ஒன்று நகர நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. நகரத்தின் மொத்த நிலமும் கைமாறும் நிலை. ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. போராடி, 1962-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வரச் செய்து, நிலத்தைப் பொது அமைப்பு ஒன்றின் கையில் மீட்டார்கள். 1995 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. கடை வாடகையும் பண்ணை வாடகையும் வந்து சேர்ந்து, செலவு போக மிச்சம் ஊருக்கே திரும்புகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லெட்ச்வொர்த்தில் சுமார் 33,000 பேர் இருந்தார்கள். 1898-இல் ஹோவர்ட் காகிதத்தில் போட்ட கணக்கு 32,000.